மூன்று தடவை கூப்பிட்டால் திரும்புகிறவர்

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை, கையில் மைக் வைத்திருக்கிற முட்டாள். மற்றவர்கள் உளறினால் பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்குக் கேட்கும். நான் உளறினால் நாலு தெருவுக்குக் கேட்கும். மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் முப்பது வருடத்துக்கு மேலாக மைக் செட் கடை வைத்திருக்கிறேன். ஒரு காதுகுத்து விழாவில் 'மணமக்களை வாழ்த்த வந்திருக்கும்' என்று ஆரம்பித்து, மொட்டையடித்து அழுதுகொண்டிருந்த ஒரு வயதுக் குழந்தையை மாப்பிள்ளையாக்கியவன் நான். ஓர் இரங்கல் கூட்டத்தை முடிக்கும்போது, வாய்ப் பழக்கத்தில் 'இதுபோல் அடிக்கடி கூடுவோம்' என்று சொல்லி, இறந்தவரின் மைத்துனர் கையால் ஓர் அறை வாங்கியதும் நான்தான்.

இவையெல்லாம் சொல்லிச் சிரிக்கக்கூடிய முட்டாள்தனங்கள். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஜெயித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் வாயாலேயே தோற்கடித்தேன்.

இப்போது அதைப் பேச வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் மைதானத்துக்குப் புதிதாக கேலரி கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஊர் பெயரை வெளியே கொண்டுபோன விளையாட்டு வீரர்களைப் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தரும் வேலையை விழாக் குழு என் தலையில் கட்டியது. ஊரில் எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. இருந்த இரண்டு பேருக்கும் கபடிக்கும் கோகோவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நானோ எல்லாப் போட்டியிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அச்சு அசலாக எல்லாம் ஞாபகம் இருக்கிறது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்து, மதிய இடைவேளையில் லாரி அச்சைத் தூக்கித் தூக்கியே பளுதூக்கும் வீரரானவர் ஒருவர். மாமியாரிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்க் கபடி ஆடி, கோப்பையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் மாட்டிக்கொண்ட ஓர் அக்கா. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற பதமான வேலையிலிருந்து குண்டு எறியப் போன ஒருவர், முதல் குண்டை நடுவரின் சைக்கிள்மேல் இறக்கியவர்.

மலரில் யார் யார் வரலாம் என்பதற்கு ஒரு விதி வைத்தோம். மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர்கள் மட்டும். இதை முன்மொழிந்தவன் நான். மெதுவாக சைக்கிள் ஓட்டுகிற போட்டியில் ஆறாவதாக வந்த ஒரு பெரிய மனிதரின் மச்சானை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த சாமர்த்தியம். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, அதே விதி நான் வாயால் தோற்கடித்த அந்த மனிதரையும் வெளியே நிறுத்திவிட்டது என்று. அவர் நாலாவது. அவரை நாலாவதாக ஆக்கியது நான். முன்பு வாயால் ஒரு தடவை வெளியே தள்ளினேன், இப்போது கையெழுத்தால் இன்னொரு தடவை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை மூன்று தடவை உரக்கச் சொன்னதில் வந்த வினைதான் இதெல்லாம். இன்னொரு தடவை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரை முதலில் பார்த்தது கொல்லிமலை பஸ்ஸில். பஸ்ஸில் இருந்தது நான். அவர் பஸ்ஸில் இல்லை. மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் ஒரு கோயில் விசேஷத்துக்கு மைக் செட் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். மடியில் ஆம்பிளிஃபயர், காலடியில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர். மலை ரோட்டில் மொத்தம் எழுபது வளைவு. எட்டாவது வளைவிலோ ஒன்பதாவது வளைவிலோ தலையில் மூட்டையோடு ஒருவர் ரோட்டைக் குறுக்கே கடந்து மேலே புதருக்குள் ஏறுவதைப் பார்த்தேன். பஸ் முக்கி முனகி அடுத்த வளைவு திரும்பியது. அதே ஆள், அதே மூட்டை, மறுபடியும் எங்களுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தார். அடுத்ததிலும் அப்படியே. இருபதாவது வளைவு வருவதற்குள் மடியில் இருந்த ஆம்பிளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த மலையைப் பற்றி அதற்கு முன் கேட்டிருந்த கதைகளெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

கண்டக்டரிடம் கேட்டேன். "ஏனுங்க, அந்த ஆளு... ஆளுதானுங்களே?"

"ஆளுதாங்க. நம்ம பையன்தான். குறுக்கால ஏறறான். நாம சுத்தி வாரோம்" என்றவர், ஜன்னலில் தலையை விட்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த முதுகு அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் இல்லை.

"காது கேக்காதுங்களா?"

"கேக்கும், கேக்கும். மூணாவதுக்குத்தான் திரும்புவான், பாருங்க."

மூன்றாவது தடவை கூப்பிட்டார். மேலே ஏறிக்கொண்டிருந்த கால் அந்தரத்தில் நின்றது. திரும்பினார். மூட்டையோடு சரிவில் சறுக்கிக்கொண்டே பஸ் படிக்கு ஓடிவந்தார். அந்த முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஒட்டிய கன்னம், விடைத்த காது, இரண்டு சின்னக் கண். அந்தக் கண்ணில் ஒரே கேள்வி: யாருக்கு என்ன ஆச்சு? கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வரத் தயாராக இருக்கிற முகம். பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இப்போதும் பார்க்கிறேன். கண்ணை மூடவெல்லாம் தேவையில்லை.

"என்னங்க?" என்றார், மூச்சு வாங்காமல்.

"ஒண்ணுமில்லடா. பஸ்ல ஏறிக்கறயா?"

"வேண்டாமுங்க, நேரமாயிரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புதருக்குள் போய்விட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

கோயிலில் எனக்கு மரத்தில் ஸ்பீக்கர் கட்ட ஆள் தேவைப்பட்டது. அவரே வந்தார். மிளகு பறிக்கிறவர், சில்வர் ஓக் மரத்தில் அணில் போல ஏறினார். கீழே நின்றுகொண்டு "அண்ணா, வயரை விடுங்க" என்று கத்துவேன். அசைய மாட்டார். "அண்ணா!" அசைவில்லை. மூன்றாவதாகக் கத்தினால் மொத்த வயரும் என் தலையில் விழும். இறங்கி வந்ததும் கேட்டேன், இதென்ன பழக்கம் என்று. அவர் எதையும் ரகசியம்போல் சொல்கிறவர் இல்லை. இந்தப் பக்கம் ரோடு போகும், அந்தப் பக்கம் போகாது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"காட்டுக்குள்ள நம்மளக் கூப்புடறது எல்லாம் மனுசன்னு சொல்ல முடியாதுங்க."

"பின்னே யாராமா?"

"நான் என்ன கிட்டப் போயிப் பாத்தனா? அதுகளுக்கு ரெண்டு தடவதான் கொரலு வரும். மூணாவது மனுசனுக்குத்தான் வரும். அதனால மூணாவது கூப்புட்டா போயே ஆவணும்."

"சோறு தின்னுட்டு இருந்தா?"

"கைய ஒதறிட்டுப் போவணும்."

"தாலி கட்டிட்டு இருந்தா?"

விரல்விட்டு மூன்று முடிச்சையும் எண்ணினார். "ஒரு முடிச்சுப் போட்டுட்டுப் போவேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "சரி, ஒரு மனுசனே ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு, தொண்டை கட்டி மூணாவது கூப்பிட முடியாமப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் கட்டி முடித்துவிட்ட மரத்தில் மறுபடியும் ஏறினார். மேலே என்ன வேலை இருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அவரை ஓட வைக்க வேண்டும் என்ற யோசனை என்னுடையதுதான். எங்கள் ஊரில் அப்போது மாவட்ட அளவில் நீண்ட தூர ஓட்டம் ஒன்று வருடாவருடம் நடக்கும். மலை அடிவாரத்தில் ஆரம்பித்து ஊர் மைதானத்தில் முடியும். முதல் மூன்று பேர் மாநிலத் தேர்வுக்குப் போகலாம். அங்கே போனவர்களில் சிலர் போலீஸில் சேர்ந்திருந்தார்கள். இருபத்தைந்து வயதுவரைதான் சேர்த்துக்கொள்வார்கள். அவருக்கு அது கடைசி வருடம். அந்தச் சமயம் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைக் கேட்டிருந்தார்கள். மாதச் சம்பளத்துக்கு ஆளானால் பார்க்கலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். ஆனால் ஓடச் சம்மதித்ததற்கு என்னிடம் அவர் சொன்ன காரணம் வேறு.

"போலீசு ஆயிட்டா நல்லதுதாங்க மைக்காரரே. நாம ஒரு தடவ கூப்புட்டாலே எல்லாரும் திரும்பிருவாங்க."

இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். சொன்னது வேடிக்கையா நிஜமா என்று நாம்தான் தலையைச் சொறிய வேண்டும். என்னைப் போல வேடிக்கைக்குப் பிறகு சுற்றிலும் யார் சிரிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற ஜாதி இல்லை அவர்.

பந்தயத்தன்று காலை முதல் பஸ்ஸுக்கெல்லாம் காத்திருக்காமல் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தார். பனியன், மடித்துக் கட்டிய அரை டவுசர், வெறுங்கால். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. யாரோ கான்வாஸ் ஷூ கொடுத்தார்கள். போட்டுப் பார்த்து, நாலடி நடந்து, பத்திரமாகக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒரே கவலை, விசில் ஊதினால் முதல் தடவையே ஓடுவாரா என்பது. ஆனால் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிறவர் "ரெடி" என்றார், "செட்" என்றார், "போ" என்றார். மூன்று. அவருக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. போய்விட்டார்.

நான் ஸ்கூட்டரில், உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பின்னால், கையில் பேட்டரி மைக்கோடு. வழியெல்லாம் என் வர்ணனை. புளியமரச் சாலை வரை அவர் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்துகொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் பின்னால் விழுந்தார்கள். அவர் வேகம் கூட்டிய மாதிரியே தெரியவில்லை. மற்றவர்களுக்குத்தான் ரோடு நீண்டுகொண்டே போனது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் ஒரு லாரியை நிறுத்தலாம்.

மைதானத்து வாசல் தெரிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். அவ்வளவு கூட்டம் என் பேச்சுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. நான் ஏதோ சொன்னேன், சிரித்தார்கள். இன்னொன்று சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். வாயில் ருசி ஏறிவிட்டது. "இதோ வருகிறார் மலையின் மைந்தர்! இவரிடம் ஒரு விசேஷம் பாருங்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்!" என்று சொல்லி, பின்னாலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. டீக்கடைக்காரர் வடைக் கரண்டியோடு வெளியே வந்து சிரித்தார்.

இரண்டு சிரிப்பு வாங்கிய வாய் மூன்றாவதை விடுமா? ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அவர் திரும்புவார் என்று நான் நினைக்கவில்லை. ரிப்பன் கண்ணெதிரே இருக்கிறது, நாலு எட்டில் மைதானம், பின்னால் மூன்று பேர் துரத்துகிறார்கள். எந்த மனிதன் திரும்புவான்?

மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

நின்றார். திரும்பினார். அந்த முகம். யாருக்கு என்ன ஆச்சு? ஓடிவந்த வழியே ஸ்கூட்டரை நோக்கி ஓடிவந்தார். "என்னங்க? என்ன ஆச்சுங்க?" மைக் என் வாய்க்கும் அவர் வாய்க்கும் நடுவில் இருந்தது. அந்தக் கேள்வி தெரு முழுக்கக் கேட்டது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. முதல் ஆள் அவரைக் கடந்தார். இரண்டாமவர் கடந்தார். என் பிறவியில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர்தான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "அட ஓடுடா சாமி, ஓடு!" என்று அலறினார். அவர் ஆசிரியரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதுக்குங்க கூப்டீங்க?"

அதற்குள் மூன்றாமவரும் கடந்துவிட்டார். பிறகுதான் அவர் ஓடினார்.

முடிந்த பிறகு வேப்பமர நிழலில் உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டுத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அறை வாங்கிப் பழகிய கன்னம்தானே. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தணிந்த குரலில், ஏதோ குடும்ப விஷயம் விசாரிப்பதுபோலக் கேட்டார். "எதுக்குங்க கூப்டீங்க?"

"உங்க... துண்டு விழுந்துருச்சோன்னு நெனச்சேன்" என்றேன். அவர் ஓடியது துண்டு இல்லாமல்.

அதன்பிறகு வருடக்கணக்காக இது நடந்தது. மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் அவரைப் பார்ப்பேன். பலாப்பழம் இறக்கிவைத்துவிட்டு வருவார். நலம் விசாரிப்பார். கல்யாணமானதைச் சொன்னார். வேலைக்குப் போகாவிட்டாலும் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பெண் பிடிவாதமாக இருந்ததாம். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது கேட்பார். "அன்னிக்கு எதுக்குங்க கூப்டீங்க?" ஒவ்வொரு தடவையும் நான் ஒன்று சொல்வேன். தண்ணி வேணுமான்னு கேக்க. பின்னால லாரி வந்துச்சு. மைக் வேலை செய்யுதான்னு பாக்க. அவர் ஒவ்வொன்றையும் காதில் வாங்கி, மென்று பார்ப்பதுபோல் யோசித்து, "அது இல்லீங்க" என்று தலையாட்டிவிட்டுப் போவார். நான் எதையோ மறைக்கிறேன் என்றே நம்பினார். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்றால், அன்றைக்கு ஏதோ ஓர் ஆபத்து, யாருக்கோ ஒரு தேவை இருந்திருக்கிறது. சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் அவருக்கு.

ஒரு தடவை தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். "சும்மாதாங்க கூப்பிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "போங்க மைக்காரரே. சும்மா யாராச்சும் மூணு தடவ கூப்புடுவாங்களா? நல்லா வேடிக்க பேசறீங்க" என்றார். அவரிடம் ஆயிரம் ஜோக் அடித்திருக்கிறேன், எதற்கும் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஒரே உண்மைக்குச் சிரித்தார்.

மைக் டெஸ்ட் பண்ணும்போது எல்லாரும் ஒன், டூ, த்ரீ சொல்வார்கள். நான் ஒன், டூ-வோடு நிறுத்திவிடுவேன். ஊரில் அது என் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் வேலை கற்ற இரண்டு பேரும் அப்படியே செய்கிறார்கள். மூன்று என்று சொன்னால் எங்கேயோ ஒருவர் போட்டது போட்டபடி திரும்புவார் என்று எனக்குப் பயம். அவர்களுக்கு அது தெரியாது.

நிஜமாகவே தேவைப்பட்டு ஒரு தடவை அவரைக் கூப்பிட்டேன். ஆடிப் பதினெட்டு விழாவுக்கு செம்மேட்டுக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். மேல் வளைவுகளில் பட்டப்பகலிலேயே மூடுபனி. குண்டனி நாட்டுக்குப் பிரிகிற பக்கம் வேன் சறுக்கி, பின்சக்கரம் ஓரக்கல்லைத் தாண்டி இறங்கி, ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்றது. டிரைவருக்குக் கால் மாட்டிக்கொண்டது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. என்னிடம் இருந்தது பேட்டரியும் கூம்பு ஸ்பீக்கரும்தான். வயரைச் சொருகி, பனியைப் பார்த்து அவர் பெயரைக் கூப்பிட்டேன். ஒரு தடவை. மலை திருப்பிச் சொன்னது. இரண்டாவது தடவை. அதையும் மலை சொன்னது. மூன்றாவது கூப்பிட வாயைத் திறந்தால், வாய் மூட மாட்டேன், திறக்கவும் மாட்டேன் என்றது. டிரைவர் உள்ளேயிருந்து முனகினார். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனிக்குள் முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் வெறுங்கால் சத்தம். கயிறும் இரண்டு ஆட்களுமாக வந்து நின்றார், முழங்கால் வரை சேறு, அதே முகம். டிரைவரை வெளியே எடுத்து, கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் குறுக்குப் பாதையில் போய்விட்டார்கள். டிரைவர் இப்போதும் வண்டி ஓட்டுகிறார், கொஞ்சம் நொண்டுவார்.

அன்றைக்கு மட்டும் அவர் என்னிடம் எதுக்குக் கூப்பிட்டீங்க என்று கேட்கவில்லை. அடுத்த சந்தையில் பார்த்தபோது, "இது சரியான கூப்பாடுங்க" என்றார், ஒரு பொருளின் தரம் சொல்வதுபோல. பிறகு, பழையபடி: "அப்ப ஓட்டத்தன்னிக்குக் கூப்டது என்னங்க?"

அதற்கு மேல் சந்தைக்குப் போகும்போது அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து வேறு பக்கமாகப் போக ஆரம்பித்தேன். அவரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்படியே பல வருடம் ஓடிவிட்டது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார் என்று மிளகு வியாபாரி ஒருவர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருந்தது. ஸ்பீக்கர் கட்டினேன். பேசினேன். சிரித்தார்கள்.

மலர் வேலை வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வழக்கம்போல முட்டாள்தனமான யோசனைதான், ஆனால் நல்ல எண்ணத்தோடு. பழைய பதிவேடுகளைக் கரையான் தின்று முடித்து வெகுகாலமாகிறது. அன்றைக்கு மூன்றாவதாக வந்தவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர், திரும்பவே இல்லை. உடற்பயிற்சி ஆசிரியரும் இல்லை. யார் எத்தனையாவது வந்தார் என்பதற்கு ஊரில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி என் வாய். கெடுத்த வாயே சரி பண்ணிவிடலாம். மூன்றாவது என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? விதியும் உடையாது, அவரும் மலரில் ஏறிவிடுவார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒரு போட்டோவும் வாங்கி வரலாம் என்று போன வாரம் காலை பஸ்ஸில் கிளம்பினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மரவள்ளிக் காட்டு வழியாக நடக்க வேண்டும். நல்ல வெயில். பாதி வழியில் பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. நின்றேன். இன்னொரு தடவை. எனக்கு அந்தப் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் யாரும் இல்லை. மாடு மேய்க்கிறவர்களாக இருக்கலாம், ஏதாவது பறவையாக இருக்கலாம். நான் திரும்பவில்லை. மூன்றாவதுக்காக அங்கேயே நின்றேன். முதுகில் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது வரவில்லை. மிச்ச தூரத்தை எனக்குத் தெரிந்த வேகத்தில் நடந்தேன். ஐம்பத்தைந்து வயதில், தொப்பையோடு, அதற்கு ஓட்டம் என்றும் பெயர் வைக்கலாம்.

அவருடைய மனைவி வீட்டு வாசலில் தார்ப்பாயில் மிளகு காயப் போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தார். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"மைக்காரருங்களா? வாங்க" என்றார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. "கொரலு தெரியும். கோயில்ல கேட்டிருக்கறனுங்களே."

தண்ணி கொடுத்தார். மலரைப் பற்றிச் சொன்னேன். போட்டோ கேட்டேன். உள்ளே போய்க் கல்யாணப் போட்டோவை எடுத்து வந்தார். அதில் மாப்பிள்ளை கேமராவை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டோக்காரன் இங்க பாருங்கன்னு ரெண்டு தடவதான் சொன்னான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

"எப்படிங்க அக்கா போனாரு?"

"இங்கதான். இப்படித்தான் மொளகு கெளறிட்டு இருந்தாரு. நாலஞ்சு நாளாவே, யாரோ கூப்புடறாங்க புள்ள, ரெண்டு தடவதான் ஆச்சுன்னு சொல்லிட்டே இருந்தாரு. அன்னிக்குக் காத்தால அந்தப் பாதையப் பாத்து, 'இதா வாரேன்'னாரு. நானும் யாரோ வந்துட்டாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் இல்ல. திரும்பிப் பாத்தா படுத்துட்டாரு."

நான் அந்தப் பாதையைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். அவர் மிளகைக் கிளறிக்கொண்டே பேசினார்.

"அவங்க அண்ணன் பலா மரத்துல இருந்து உழுந்தப்ப, கீழ பள்ளத்துல கெடந்து ரெண்டு தடவ கூப்புட்டாராம். இவருக்கு அப்பப் பதினஞ்சு வயசு. மூணாவதுக்கு நின்னிருக்காரு. அது வரவே இல்ல. அதுல இருந்து மூணாவது கூப்புட்டா இவரு நின்னதே இல்லீங்க."

மரத்தடியில் நான் சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வியும், அவர் வேலை இல்லாமல் மறுபடியும் மரம் ஏறியதும் எனக்கு அப்போதுதான் ஒன்று சேர்ந்தன. தண்ணிச் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிளறுவதை நிறுத்தினார். "ஏனுங்க, அன்னிக்கு எதுக்கு அவரக் கூப்டீங்க? கடேசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு. மைக்காரருக்கு என்னமோ கஷ்டம், சொல்ல மாட்டேங்கறாருன்னு."

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருபது பதில் இருந்தது. ஒன்றையும் தொடவில்லை.

"சும்மாங்க அக்கா. நாலு பேரு சிரிக்கட்டும்னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அவர் தலையாட்டினார். நெடுநாளாகத் தொலைந்திருந்த ஒரு சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதுபோல. திட்டவில்லை. அழவும் இல்லை. காலால் மிளகை மறுபடி தள்ளிவிட ஆரம்பித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. கொண்டுவந்த யோசனையை அவசர அவசரமாக அவர் முன்னால் வைத்தேன்.

"அக்கா, மூணாவது வந்தாத்தான் மலர்ல போட முடியும். அதனால நான் மூணாவதுன்னே எழுதிர்றேன். யாருக்கும் தெரியாது. கேக்கறதுக்கும் ஆளில்ல. அவரு ஜெயிக்க வேண்டியவருதானே? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாலாவதுன்னே போடுங்க, ஏன்னும் சேத்துப் போடுங்க."